வீட்டு வேலைக்கும் வேண்டும் ஷிப்ட் மாற்றம்

ஓசூரில் அதிகாலை 5 மணிக்குத் தெருமுனையில் நின்று பார்த்திருக்கிறோமா? மூக்கண்டப்பள்ளியிலும் ஜூஜூவாடியிலும் பேகேப்பள்ளியிலும் கம்பெனி பஸ்ஸுக்காகப் பெண்கள் காத்து நிற்பார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் சாப்பாட்டுப் பை, தலையைச் சுற்றி ஒரு சால்வை. 6 மணிக்கு அவர்களுடைய முதல் ஷிப்ட் தொடங்குகிறது என்று நாம் சொல்கிறோம். உண்மையில் அவர்களில் பலர் ஒரு ஷிப்டை முடித்துவிட்டுத்தான் அங்கே வந்து நிற்கிறார்கள். மூன்றரை மணிக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, சோறும் குழம்பும் வைத்து, பிள்ளைகளின் டப்பாக்களைக் கட்டி, சீருடையை எடுத்து வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். பிற்பகல் 2 மணிக்கு ஆலையின் ஷிப்ட் முடியும். வீட்டின் ஷிப்ட் எப்போது முடியும்? அதற்கு மட்டும் சங்கு ஊதுவதில்லை.

1970-களில் சிப்காட் வந்தது முதல் ஓசூரும், பிறகு பர்கூர், போச்சம்பள்ளி, சூளகிரிப் பகுதிகளும் மாறிக்கொண்டே வருகின்றன. தொழிற்சாலைச் சட்டத்தில் பெண்களின் இரவு வேலையைத் தடுத்த பிரிவு செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. இன்று கைக்கடிகாரம் முதல் கைப்பேசி உதிரிப்பாகம், மின்சார ஸ்கூட்டர் வரை நம் மாவட்டத்துப் பெண்களின் கைகளில் உருவாகின்றன. எல்லை தாண்டி அத்திப்பள்ளி, பொம்மசந்திரா பக்கம் வேலைக்குப் போய் வருகிறவர்களும் உண்டு. பெண்கள் சம்பாதிப்பது நல்லதே. ஆனால் ஆலைக்குள் போன அந்தப் பெண்ணின் வீட்டு வேலையை யார் எடுத்துக்கொண்டார்கள்? இந்தக் கேள்வியை நம் குடும்பங்களில் நாம் இன்னும் சரியாகக் கேட்கவில்லை.

எண்கள் சொல்லும் உண்மை

நடுவண் அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019-ஆம் ஆண்டு, மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று நாடு முழுவதும் கணக்கெடுத்தது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகிறார் என்று தெரிந்தது. அதாவது ஏறத்தாழ 5 மணி நேரம். வீட்டு வேலை செய்யும் ஆண் செலவிட்டது 97 நிமிடங்கள். அதுவும் 100 ஆண்களில் 26 பேர்தான் வீட்டு வேலையில் கை வைத்தார்கள். பெண்களில் 81 பேர். 2024-இல் மீண்டும் கணக்கெடுத்தபோது பெண்ணுக்கு 289 நிமிடங்கள், ஆணுக்கு 88 நிமிடங்கள் என்று வந்தது. ஐந்து ஆண்டுகளில் பெண்ணின் சுமை 10 நிமிடம் குறைந்திருக்கிறது. ஆணின் பங்கும் கூடவில்லை, குறைந்துதான் இருக்கிறது.

ஆலையில் 8 மணி, போக வர 2 மணி, வீட்டில் 5 மணி. கூட்டினால் 15 மணி நேரம். மிச்சமிருக்கும் 9 மணி நேரத்தில்தான் உறக்கம், உணவு, குளியல், பிள்ளையோடு பேசுவது, செபம் எல்லாம் அடங்க வேண்டும். எதைக் குறைப்பது என்று வரும்போது தாய்மார்கள் முதலில் குறைப்பது தங்கள் உறக்கத்தைத்தான். கண் எரிச்சல், தலைவலி, சட்டென்று வரும் கோபம், காரணமில்லாத அழுகை இவற்றுக்குப் பின்னால் பல வீடுகளில் இருப்பது நோயல்ல, தூக்கமின்மையே. எனவே வீட்டு வேலைக்கு ஓர் அட்டவணை போடுவோம் என்று நாம் சொல்லும்போது, தாய் இன்னும் அதிகமாக உழைப்பதற்கு வழி தேடவில்லை. இன்றைய வேலை இத்துடன் முடிந்தது என்று அவர் சொல்லக்கூடிய நேரம் ஒன்று வேண்டும். அதற்காகத்தான் அட்டவணை.

முதலில் ஒரு தாளில் எழுதுவோம்

ஒரு ஞாயிறு மாலை குடும்பம் முழுவதும் உட்கார்ந்து, வீட்டில் ஒரு வாரத்தில் நடக்கும் எல்லா வேலைகளையும் எழுதுவோம். சமையல், துவையல், பாத்திரம் என்று பெரியவை உடனே நினைவுக்கு வரும். கண்ணுக்குத் தெரியாதவையும் உண்டு. சிலிண்டருக்குப் பதிவு செய்வது, ரேஷன் எப்போது போடுகிறார்கள் என்று விசாரிப்பது, மாமியாரின் இரத்த அழுத்த மாத்திரை தீரும் முன் வாங்குவது, பள்ளியிலிருந்து வந்த தாளில் கையெழுத்திடுவது, மறைக்கல்வி வகுப்புக்குப் பிள்ளையை அனுப்ப நினைவூட்டுவது. நினைவில் வைத்திருப்பதும் ஒரு வேலைதான். எழுதி முடித்தபின் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே இப்போது அதைச் செய்கிறவரின் பெயரை எழுதுவோம். பெரும்பாலான வீடுகளில் ஒரே பெயர் வரிசையாக வரும். அதைக் கண்ணால் பார்ப்பதே பாதி மாற்றம்.

பின்னர் வேலைகளை நான்காகப் பிரிப்போம்: நாள்தோறும் நடக்க வேண்டியவை, வாரம் ஒருமுறை போதுமானவை, மாதம் ஒருமுறை போதுமானவை, நடக்காவிட்டாலும் குறையில்லாதவை. உணவு, பாத்திரம், குடிநீர், குப்பை ஆகியவை முதல் வகை. துணி, தரை துடைப்பது, கழிவறை, தண்ணீர்த் தொட்டி ஆகியவை இரண்டாவது. மாவு அரைக்க மில்லுக்குப் போவதும் ஒட்டடையும் மூன்றாவது. போர்வைக்கும் சமையலறைத் துணிக்கும் இஸ்திரி போடுவது நான்காவது, விட்டுவிடலாம்.

மணியைப் பார்க்காமல் ஷிப்டைப் பார்ப்போம்

இதழ்களில் வரும் கால அட்டவணைகள் நமக்கு ஏன் பொருந்துவதில்லை? காலை 6 மணிக்கு இது, 7 மணிக்கு அது என்று அவை சொல்கின்றன. நம் வீடுகளில் இந்த வாரம் காலை 6 மணிக்கு ஷிப்ட், அடுத்த வாரம் பிற்பகல் 2 மணிக்கு, அதற்கடுத்த வாரம் இரவு 10 மணிக்கு. எனவே நமக்கு வேண்டியது மூன்று அட்டவணைகள். மூன்றிலும் மூன்று நிலைகள் மட்டும் மாறாமல் இருக்கட்டும்: வேலைக்குப் புறப்படும் முன், திரும்பிய பின், படுக்கும் முன்.

முதல் ஷிப்ட் வாரம்: காலை வேலையை முந்தைய மாலைக்கு மாற்றுவோம். காய் நறுக்கி, புளி ஊறவைத்து, சீருடையும் புத்தகப் பையும் கதவோரம் வைத்துவிட்டால், நான்கு மணிக்கு எழுவது போதும். காலையில் ஒரு சோறு, ஒரு குழம்பு. பொரியல் மாலைக்கு. அரசு தொடக்கப் பள்ளிகளில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022-இல் தொடங்கி 2023-இல் மாநிலம் முழுவதும் விரிந்தபோது, இத்தகைய வீடுகளில் காலை அடுப்பு எவ்வளவு இலேசானது என்பது தாய்மார்களுக்குத் தெரியும். பள்ளியில் உண்ணும் பிள்ளைக்கு வீட்டிலும் இட்லி ஊற்றி வைக்க வேண்டும் என்று நாமே சுமையைக் கூட்ட வேண்டாம்.

இரண்டாம் ஷிப்ட் வாரம்: தாய் 12.30-க்குப் புறப்பட்டு இரவு 11-க்குத் திரும்புகிறார். இந்த வாரத்தில் துவையல், மாவு அரைத்தல், கடைக்குப் போவது போன்றவை காலையில் நடக்கலாம். ஆனால் இரவு உணவைப் பரிமாறுவது, பாத்திரம் கழுவுவது, பிள்ளைகளைப் படிக்கவைத்துத் தூங்கவைப்பது இவை வீட்டில் இருப்பவர் பொறுப்பு. பதினொரு மணிக்கு வருகிறவருக்காகச் சிங்கில் பாத்திரங்கள் காத்திருக்கக் கூடாது. மூடி வைத்த ஒரு தட்டு உணவு காத்திருக்கட்டும்.

இரவு ஷிப்ட் வாரம்: இந்த வாரத்தின் முதல் வீட்டு வேலை தாயின் உறக்கம். அட்டவணையின் முதல் வரியாக அதை எழுதுவோம். காலை 7 மணிக்கு வந்தவர் உண்டு, குளித்து, 8 முதல் 3 வரை தூங்கட்டும். ஜன்னலில் கனமான திரை, அணைத்து வைத்த கைப்பேசி, கதவைத் தட்டாத அண்டை வீட்டார் இவை வேண்டும். தூங்குகிறாரே, வேலை கிடக்கிறதே என்ற பேச்சு மட்டும் வேண்டாம். அவர் பகலில் தூங்கவில்லை, தம் இரவைத் தூங்குகிறார்.

இப்பகுதியின் உணவு இதற்கு நல்ல துணை. மாதம் ஒருமுறை அரைத்து வைத்த கேழ்வரகு மாவு இருந்தால் களியும் கீரைக் குழம்பும் அரை மணி நேர வேலை. களி கிண்ட வலுவான கை வேண்டும். அது அப்பாவின் கையாகவும் இருக்கலாம். நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போட்டு வாரம் இருமுறை அரைத்தால், குளிர்பெட்டி உள்ள வீட்டில் மூன்று நாள் காலைக் கவலை தீரும். புளிக்காய்ச்சல் ஒரு வாரம் தாங்கும். உழவர் சந்தையில் வாரம் இருமுறை காய் வாங்குவது நாள்தோறும் கடைக்கு ஓடுவதைக் குறைக்கும். முதலில் கீரையும் தக்காளியும், பிறகு பீன்ஸும் முட்டைக்கோசும், கடைசியில் கிழங்கு வகைகளும் என்று சமைத்தால் எதுவும் வீணாகாது.

வாரத்தைத் தண்ணீரிலிருந்து தொடங்குவோம்

வார அட்டவணையில் முதலில் குறிக்க வேண்டியது குழாயில் தண்ணீர் வரும் நாள். அதுவே துவையல் நாள், தொட்டி கழுவும் நாள். நம் இரு மாவட்டங்களிலும் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறையும் பெரியவர்களின் எலும்பில் நோவும் வர அது காரணமாகிறது. அதனால்தான் 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டு, காவிரி நீர் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் வந்தது. ஃபுளோரைடு கொதிக்க வைத்தால் போகாது. நீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடும். எனவே காவிரி நீரைக் குடிக்கவும் சமைக்கவும் தனியாக மூடி வைப்போம். துணிக்கும் தரைக்கும் ஆழ்குழாய் நீர் போதும்.

தண்ணீர் டிரம்மை வாரம் ஒருமுறை ஏன் தேய்த்துக் கழுவ வேண்டும்? டெங்குவைப் பரப்பும் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் ஆகும். முட்டைகள் டிரம்மின் உட்சுவரில் ஒட்டியிருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது. நாரால் தேய்த்தால்தான் போகும். சில வேலைகளைத் தள்ளிப் போடலாம், இதைத் தள்ளக் கூடாது. இப்படி ஒவ்வொரு வேலைக்கும் ஏன் என்ற காரணம் தெரிந்தால், எதை விடலாம், எதை விடக் கூடாது என்பதும் தெளிவாகும்.

மற்ற நாட்களுக்கு ஒவ்வொரு வேலை போதும். ஒரு நாள் கழிவறை, ஒரு நாள் தரை, ஒரு நாள் அடுப்படி அலமாரி, ஒரு நாள் துணி மடித்து வைப்பது. ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம். அரை மணியில் முடியாதது அடுத்த வாரத்துக்குப் போகட்டும். ஒரே அறையில் குடும்பம் நடத்தும் லைன் வீடுகளில் பொதுக் குழாயும் பொதுக் கழிவறையும் இருக்கும். அங்கே முறை வைத்துக் கழுவுவதை அன்பியக் கூட்டத்தில் பேசித் தீர்ப்பதும் கிறிஸ்தவ வாழ்வின் பகுதிதான். உதவிக்குப் பாட்டி இல்லாமல் வெளியூரிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களுக்கு அண்டை வீடுதான் பாட்டி வீடு.

ஆலை கற்றுத் தந்த பாடம்

நம் தாய்மார்களில் பலருக்கு 'ஐந்து எஸ்' என்பது புதிதல்ல. ஜப்பானிய ஆலைகளிலிருந்து வந்த முறை அது. வேண்டாததை நீக்கு, இருப்பதற்கு இடம் குறி, துடைத்து வை, எல்லாரும் ஒரே முறையில் செய், விடாமல் தொடர். தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசை ஓசூரின் டிவிஎஸ் மோட்டார் நிறுவனம் 2002-இல் பெற்றது. தரம் என்பது இந்த ஊருக்கு அந்நியமான சொல் அல்ல. அமெரிக்காவில் லில்லியன் கில்பிரெத் என்ற பொறியாளர் ஆலைத் தொழிலாளரின் அசைவுகளை ஆராய்ந்தவர். 12 பிள்ளைகளின் தாயான அவர் அதே அறிவைச் சமையலறைக்கும் கொண்டுவந்து, வீண் நடையையும் குனிதலையும் குறைக்க வழி சொன்னார். நாமும் செய்யலாம். உப்பும் மிளகாய்த்தூளும் அடுப்பருகே, டப்பாக்கள் கைக்கு எட்டும் உயரத்தில், சாவிக்கு ஒரே ஆணி.

ஆனால் ஆலையில் இதைவிட முக்கியமான ஒரு பழக்கம் இருக்கிறது. ஷிப்ட் முடியும்போது யாரும் எந்திரத்தை அப்படியே விட்டுவிட்டுப் போவதில்லை. என்ன முடிந்தது, என்ன மிச்சம், எதில் கோளாறு என்று அடுத்து வருகிறவரிடம் சொல்லி ஒப்படைக்கிறார்கள். வீட்டில் அந்த ஒப்படைப்பு இல்லை. ஒப்படைக்க ஆள் இல்லாததால் தாயின் ஷிப்ட் முடிவதேயில்லை.

ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கில், 35-ஆம் அதிகாரம் சமையலறையைப் பற்றியது. துறவிகள் வார முறை வைத்து ஒருவருக்கொருவர் உணவு சமைத்துப் பரிமாற வேண்டும்; நோயுற்றவரும் மிக முக்கியப் பொறுப்பில் இருப்பவரும் தவிர யாருக்கும் விலக்கு இல்லை. தளர்ந்தவருக்குத் துணையாள் தர வேண்டும். வாரம் முடிப்பவர் சனிக்கிழமை எல்லாவற்றையும் சுத்தம் செய்து, துண்டுகளைத் துவைத்து, பாத்திரங்களைப் பழுதின்றித் திருப்பித் தர வேண்டும். அவரும் அடுத்த வாரத்தை ஏற்பவரும் சேர்ந்து மற்ற அனைவரின் காலடிகளையும் கழுவ வேண்டும். சமையலறைப் பணியை அவர் பாதம் கழுவும் பணியோடு சேர்த்தே வைத்தார். அந்த மடங்களில் இருந்தவர்கள் அனைவரும் ஆண்கள் என்பதையும் நாம் நினைவில் கொள்வோம்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் குடும்பத்தைப் பற்றி எழுதிய 'அன்பின் மகிழ்ச்சி' மடலின் 286-ஆம் பகுதியில், மனைவியின் வேலைச் சூழலுக்கேற்பக் கணவர் தம்மை மாற்றிக்கொள்ளலாம் என்றும், வீட்டு வேலையில் சிலவற்றை ஏற்பதால் அவருடைய ஆண்மை குறைந்துவிடாது என்றும் தெளிவாகச் சொல்கிறார்.

எனவே நம் வீட்டுச் சுவரில் ஒரு சிறு பலகை தொங்கட்டும். இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில், புறப்படுகிறவர் மூன்று வரி எழுதட்டும்: என்ன முடிந்தது, என்ன மிச்சம், பிள்ளைக்கு என்ன தேவை. 'குழம்பு இருக்கிறது, சோறு வைக்க வேண்டும், சின்னவனுக்கு இருமல் மருந்து 8 மணிக்கு.' வாசிப்பவர் அதைச் செய்து முடித்து அழிக்கட்டும். உதவி செய்கிறேன் என்று சொல்லும் கணவருக்கும், பொறுப்பேற்றுக்கொண்ட கணவருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். உதவுகிறவர் சொன்னதைச் செய்வார். பொறுப்பேற்றவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. தாயின் சுமையைக் குறைக்கிறோம் என்று அதைத் தூக்கி மூத்த மகளின் தலையில் வைத்துவிடுகிறோம். பத்தாம் வகுப்பு மகள் பாத்திரம் கழுவும்போது எட்டாம் வகுப்பு மகன் தொலைக்காட்சி பார்த்தால், இன்றைய தாயின் களைப்பை நாளைய மனைவிக்கு நாமே தயார் செய்கிறோம். ஆறு வயதில் தண்ணீர்ப் பாட்டில் நிரப்பவும் செருப்பை அடுக்கவும், பத்து வயதில் தன் டப்பாவைக் கழுவவும் வீடு கூட்டவும், பதினான்கு வயதில் சோறு வைக்கவும் துணி துவைக்கவும் மகனும் மகளும் ஒன்றாகவே பழகட்டும்.

ஞாயிறும் ஒரு விடியற்காலையும்

ஞாயிறு ஓய்வு நாள் என்கிறோம். பல தாய்மார்களுக்கு வாரத்திலேயே கடினமான நாள் அதுதான். திருப்பலி முடிந்து வந்ததும் கறிக்குழம்பு, விருந்தாளி, வாரத் துணி, மாலையில் மறுநாள் தயாரிப்பு. ஆண்டவர் தந்த ஓய்வு வீட்டில் ஒருவருக்கு மட்டும் இல்லையென்றால், நாம் அந்த நாளை முழுமையாகக் கொண்டாடவில்லை. ஞாயிறு அடுப்படியைத் தந்தையும் பிள்ளைகளும் ஏற்கட்டும். சோறு குழைந்தாலும் யாரும் குறை சொல்ல வேண்டாம். தாய்மார்களே, நீங்களும் பின்னால் நின்று திருத்திக்கொண்டிருக்க வேண்டாம். விட்டுக்கொடுக்கப் பழகுவதும் அட்டவணையின் ஒரு வரிதான்.

யோவான் நற்செய்தியின் 21-ஆம் அதிகாரத்தில் நம் ஊருக்கு மிகவும் நெருக்கமான ஒரு காட்சி இருக்கிறது. சீடர்கள் இரவு முழுவதும் திபேரியக் கடலில் உழைத்துக் களைத்துக் கரைக்கு வருகிறார்கள். அதுவும் ஓர் இரவு ஷிப்ட்தான். கரையில் கரி நெருப்பு மூட்டப்பட்டிருக்கிறது. அதன்மேல் மீன் வெந்துகொண்டிருக்கிறது, அருகில் அப்பமும் இருக்கிறது. உயிர்த்த ஆண்டவர் அவர்களுக்குக் காலை உணவு தயாரித்து, உண்ண அழைத்து, தம் கையாலேயே பரிமாறுகிறார்.

இன்றும் காலை 6 மணிக்கு இரவு ஷிப்ட் முடித்த பெண்கள் பேருந்துகளில் கண்ணயர்ந்தபடி வந்துகொண்டிருக்கிறார்கள். கதவைத் திறக்கும்போது அவர்களை வரவேற்கப் போவது என்ன? நேற்றைய பாத்திரமா, அல்லது சூடான ஒரு குவளைத் தேநீரா? அட்டவணையை எழுத உட்காரும் முன், இந்த ஒரு கேள்விக்கு நம் வீட்டில் பதில் தேடுவோம்.